கேட்ட விலை வேறு, போன விலை வேறு

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வந்திருந்தான். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். உள்ளே அமெரிக்காவில் ஆடும் பேஸ்கட்பால் வீரர் வெம்பன்யாமாவின் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய முதல் சீசனில் வந்த படக் கார்டு.

"பதினெட்டாயிரம் மாமா. ரெண்டு வருஷத்துல லட்சத்துக்குப் போகும்."

"எப்படிடா சொல்றே?"

"ஈபே வெப்சைட்ல இதே கார்டை விக்க ஒருத்தர் தொள்ளாயிரம் டாலர் போட்டிருக்கார்."

எனக்கு மனசே கேட்கவில்லை. பள்ளி மைதானத்தில் பேஸ்கட்பால் ஆடி வளர்ந்தவன் நான், கார்டு சேர்ப்பது எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் ஒருவர் போட்டு வைத்திருக்கும் விலை, விலையே இல்லை. நம் மாங்காய் மண்டியில் தோட்டக்காரர் பெங்களூராவுக்கு என்ன கேட்டார் என்றா விசாரிக்கிறோம்? எவ்வளவுக்குப் போச்சு என்றுதானே கேட்கிறோம்! ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் பார்க்கும் வசதி உண்டு. இருவரும் உட்கார்ந்து தேடினோம். அதே கார்டு அவன் கொடுத்ததில் பாதிக்குக்கூடப் போகவில்லை.

காரணம் எளிது. ஒரே படத்தைப் பல நிறங்களில் அச்சடிக்கிறார்கள். பிரிசம் என்ற கார்டு வரிசையில் ஒரு வீரருக்குத் தங்க நிறக் கார்டு 10 மட்டும்தான், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். இவனுடையது எண் இல்லாத சாதாரணக் கார்டு, ஏராளமாக அச்சடித்தது. 2025 ஆகஸ்டில் பேஸ்கட்பால் ஜாம்பவான்கள் மைக்கேல் ஜோர்டானும் கோபி பிரையன்ட்டும் கையெழுத்திட்ட ஒரு கார்டு ஏலத்தில் 1.29 கோடி டாலருக்குப் போனது. அது உலகத்திலேயே ஒன்றுதான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லாக் கார்டும் ஏறும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

அரிய கார்டும் இறங்கும். ஃபிளீயர் கம்பெனி 1986-ல் போட்ட ஜோர்டான் கார்டு, கார்டுகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தில் பத்துக்குப் பத்து பெற்றது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள், அவரைப் பற்றிய ஆவணத் தொடர் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க வந்தார்கள். அந்த வருடமே அதே தரக் கார்டு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதே கார்டு 9 தரம் என்றால் விலை பல மடங்கு குறைவு. ஓரத்தில் ஒரு சின்ன நசுங்கல், படம் கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளியிருப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். தரம் போடாத கார்டை "பத்து நிச்சயம்" என்று விற்பவரை நம்பவே நம்பாதீர்கள். அவ்வளவு நிச்சயம் என்றால் அவரே அனுப்பித் தரம் வாங்கியிருப்பாரே!

1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கார்டு கம்பெனிகள் அளவே இல்லாமல் அச்சடித்தன. பின்னாளில் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாகச் சேர்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சில்லறைக்குத்தான் போகின்றன. விளைச்சல் கொட்டிய வருடம் காயைப் பறிக்கும் கூலிகூடத் தேறாமல் நின்ற நமக்கு இது புரியாதா?

இன்னொன்று, இங்கிருந்து விற்கப் போனால் ஈபே கமிஷன், தபால் செலவு எல்லாம் நம் தலையில். வாங்கும்போது சுங்க வரி வேறு.

வெம்பன்யாமா ஆட்டம் பிடித்து வாங்கியிருந்தால் வைத்துக்கொள், மேஜை மேல் அழகாக இருக்கும் என்றேன். சரி என்றான். ஆனால் பிரிக்காத கார்டு பாக்ஸ் ஒன்றுக்கு நாற்பதாயிரம் எடுத்து வைத்திருக்கிறானாம். உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்று ராத்திரி மறுபடியும் அவனுக்குப் போன் போடப் போகிறேன்.