‘மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ’ திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாடல் அன்று

அமெரிக்க நாட்டுப்புற இசை மரபிலிருந்து பிறந்த புளூகிராஸ் என்னும் இசை வகையின் புகழ்பெற்ற பாடலான ‘மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ’, 2000ஆம் ஆண்டு வெளியான ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்துக்காகவே எழுதப்பட்டது என்ற செய்தி பகிரப்பட்டு வருகிறது. அது தவறு.

கென்டக்கியைச் சேர்ந்த பார்வையற்ற பாடகர் டிக் பர்னெட், 1913 வாக்கில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகத்திலேயே இப்பாடல் வேறு தலைப்பில் உள்ளது. தாம்தான் அதை இயற்றினோமா என்பது முதுமையில் அவருக்கே உறுதியாக நினைவில்லை என்பதிலிருந்து, அதன் வேர்கள் இன்னும் பழைய வாய்மொழி மரபில் இருக்கக்கூடும் என்றே எண்ணத் தோன்றுகிறது. எம்ரி ஆர்தர் 1928இல் அதை இசைத்தட்டில் பாடினார்.

புளூகிராஸுக்குள் வந்தபின் அது மேலும் மாறியது. புளூகிராஸ் இசைக்குழுவான ஸ்டான்லி சகோதரர்களின் 1950ஆம் ஆண்டுப் பதிவில் ரால்ஃப் ஸ்டான்லியின் உச்சக் குரல் தனித்து ஒலிக்க, ஃபிடில் எனப்படும் வயலினும் மாண்டலினும் துணை நின்றன. 1959இல் அவர்களே மீண்டும் பதிந்தபோது அவற்றின் இடத்தைக் கிட்டார் எடுத்துக்கொண்டது, ஒரு சரணம் விடப்பட்டது, குழுவினர் சேர்ந்து பாடும் பின்பாட்டும் சேர்ந்தது. படத்தில் நாம் கேட்கும் பின்பாட்டுக்கு முன்னோடி இந்தப் பதிவே. படத்தில் பாடுவதாகக் காட்டப்படும் குழு கற்பனையானது; முதன்மைக் குரல் டான் டிமின்ஸ்கியுடையது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் இணையத்தில் பராமரிக்கும் அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் ஆர்தரின் பதிவை எவரும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இவ்விவரத்தைத் தெரிவியுங்கள்.