உப்பைத் தாங்கும் கோதுமை: இரண்டு திருத்தங்கள்

“ஆஸ்திரேலியாவில் மரபணு மாற்றிய கோதுமை வந்துவிட்டது, அதைப் போட்டால் வாணியம்பாடி தோல் கழிவு நிலமும் விளையும்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

2012இல் வெளியான அந்த ஆய்வில் இருப்பது சாதாரணக் கலப்புதான். பழைய கோதுமை இனம் ஒன்றிலிருந்த மரபணுவை, பாஸ்தா செய்யும் துரம் கோதுமைக்குக் கலப்பு முறையில் கொண்டுவந்தார்கள். வேரிலிருந்து மேலே ஏறும் சோடியத்தை அது வழியிலேயே பிடித்துக்கொள்கிறது, இலை தப்பிக்கிறது. உவர் கூடிய வயலில், அந்த மரபணு இல்லாத அதே ரகத்தைவிட 25 சதவீதம் வரை கூடுதல் மகசூல். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அது உப்புக்கு மட்டும்தான், தோல் கழிவில் உப்போடு சேர்ந்து வரும் குரோமியம் என்ற உலோகத்துக்கு இல்லை.

பாலாற்றங்கரையில் எங்கள் மாமா நிலத்தில் கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், கீரை போட்டால் இலை நுனி கருகிவிடும். அந்த நிலத்தில் விதையை மாற்றினால் போதும் என்று சொல்வது விவசாயியின் காசோடு விளையாடுவது. அப்புறம், நம் வெயிலுக்குக் கோதுமை பெரிதாக வராது. முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதியுங்கள். களரா (மண்ணோடு சோடியம் ஒட்டிக்கொண்ட நிலம்) உவரா (கரையும் உப்பு மிகுந்த நிலம்) என்று தெரிய வேண்டும். களர் என்றால் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, திருச்சியில் உருவான, களரைத் தாங்கும் டிஆர்ஒய் 1 மாதிரி நெல் ரகம் போட்டுப் பார்க்கலாம். உவருக்கு ஜிப்சம் வேலை செய்யாது, உப்பை நல்ல தண்ணீரால் கழுவி வெளியேற்ற வேண்டும்.