'எவ்ரி டே' வந்தால் மட்டும் சிம்பிள் பிரசன்ட்டாம்!

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 'ஹீ டஸ் நாட் கோஸ்' என்று எழுதியதைச் சிவப்பு மையால் சுழித்து, ஏன் தவறு என்று ஒரு சொல்கூட எழுதாமல், திருத்திய வாக்கியத்தைப் பத்து முறை இம்போசிஷன் எழுதி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 'ஹீ' வந்தால் வினையோடு 'எஸ்' சேர்த்தே தீர வேண்டும் என்று முந்தைய வாரம் முழுக்க ஓதிவிட்டு, இன்று சேர்த்ததற்குத் தண்டனை கொடுத்தால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்? விளக்கம் கேட்டால், "அது ரூல் சார், மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க" என்று பதில் வருகிறது.

படர்க்கை ஒருமைக்குரிய அந்த 'எஸ்' ஒரு வினைத்தொடரில் ஒரே இடத்தில்தான் நிற்கும். 'டூ' என்ற துணைவினை வந்துவிட்டால் அதோடு ஒட்டி 'டஸ்' ஆகிவிடும், முதன்மை வினை வெறுமனே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஒரு விகுதி சேர்த்துப் பேசும் குழந்தைக்கு, அதுவும் 'போகவில்லை' என்னும்போது அந்த விகுதி உதிர்ந்துவிடுவதைத் தன் வாயாலேயே நாள்தோறும் சொல்லும் குழந்தைக்கு, இதை விளங்கவைக்க ஐந்து நிமிடம் போதாதா?

அடுத்த கொடுமை 'கீ வேர்டு'. 'எவ்ரி டே', 'ஆல்வேஸ்' வந்தால் சிம்பிள் பிரசன்ட் (வழக்கமாக நடப்பதைச் சொல்லும் வடிவம்), 'நவ்' வந்தால் கன்டினியுவஸ் (நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வடிவம்), 'டுமாரோ' வந்தால் 'வில்' என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்பது பிழையே இல்லாத ஆங்கிலம். கால அட்டவணைப்படி நடப்பதற்குச் சிம்பிள் பிரசன்ட்தான் வழக்கம். கட்டத்தை நம்பிய பிள்ளைக்கோ அது தவறாகத் தெரியும், கட்டத்தை மட்டுமே நம்பித் திருத்துபவருக்கும் அப்படித்தான் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் மூலக் கோளாறு, 'ஐ ஈட்' என்றால் 'நான் சாப்பிடுகிறேன்' என்று முதல் நாளே எழுதிப்போடுவதில் இருக்கிறது. சோற்றில் கை வைத்திருக்கும்போது தொலைபேசி அடித்தால் "சாப்பிடுகிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்றுதான் நாம் சொல்வோம்; அந்த இடத்தில் எந்த ஆங்கிலேயரும் 'ஐ ஈட்' என்று சொல்லமாட்டார். மாறாக, "அப்பா காலையில் காபி குடிப்பார்", "இந்தப் பேருந்து தாம்பரம் போகும்", "சூரியன் கிழக்கே உதிக்கும்" என்று நாம் சொல்கிறோமே, அவைதான் பெரும்பாலும் அவர்களின் சிம்பிள் பிரசன்ட். ஆனால் பள்ளித் தமிழிலக்கணத்தில் இந்த வடிவங்களுக்கு எதிர்காலம் என்று பெயர் ஒட்டியிருப்பதால், பிள்ளைகள் 'திஸ் பஸ் வில் கோ' என்று எழுதிவிட்டு விழிக்கிறார்கள்.

இத்தனைக்கும், மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டால், அதாவது போகும், உதிக்கும் போன்ற வடிவத்தால், சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே விதி இருக்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு 'மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்'. சிம்பிள் பிரசன்ட்டின் உயிர்நாடியை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கைடும் சொல்லவில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தலை போய்விடும் என்று நினைக்கும் பள்ளிகளில் இதை யார் எடுத்துச் சொல்வது? (உச்சரிப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, 'வாக்ஸ்', 'ரன்ஸ்', 'வாஷஸ்' மூன்றிலும் ஈற்றொலி வெவ்வேறு என்பதே பல வகுப்பறைகளுக்கு இன்னும் எட்டாத செய்தி.)

இப்படிப் படித்து வந்தவர்கள்தான் நேர்காணலில் 'ஐ ஹேவ்', 'ஐ நோ' என்று சிம்பிள் பிரசன்ட்டில் சொல்ல வேண்டியதை 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் டைப்பிங்' என்று சொல்லிவிட்டு, எதிரே இருப்பவரின் ஏளனச் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் எழுந்து வருகிறார்கள். அந்த அவமானத்தில் பாதியையாவது அவர்களுக்குக் கற்பித்தவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு காசு கொடுத்து வாங்கிய கைடிலும் முதல் எடுத்துக்காட்டு 'ராமா ஈட்ஸ் எ மேங்கோ'தான். ராமன் தினமும் மாம்பழம் தின்பானா, இப்போது தின்கிறானா என்று மகள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அது பரீட்சையில் வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டார்களாம்.