ஆமா, ஒரு ராத்திரிக்கு 9,440 ரூபாதான் குடுத்தேன்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல, இப்ப வாடகைக்குத் தங்க விடற ஒரு பழைய பெரிய வீட்டுல அம்மாவோட தங்கிட்டு வந்து போட்டோ போட்டேன். அதுக்குக் கீழ கமெண்ட்டுல நேத்துல இருந்து நடக்கறத எல்லாரும் பாத்துட்டுதான் இருக்கீங்க. ரூம் எட்டாயிரம், 7,500-ஐத் தாண்டிட்டதால 18% ஜிஎஸ்டி, ஆக 9,440. ரெண்டு ராத்திரி. கேட்டதுக்கு நானேதான் சொன்னேன், மறைக்கல. "காரைக்குடில ஆயிரத்து ஐநூறுக்கு ஏசி ரூம் கெடைக்குமே, தூங்கத்தானே போறீங்க"ன்னு ஒருத்தர். தூங்கப் போகலைங்க.

அந்த ஊரு பெரிய வீடுங்களுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும். எங்க அம்மாச்சி அப்படி ஒரு வீட்டுல மாவாட்டிக் குடுத்தவங்க, அம்மாவுக்கு சின்ன வயசுல தெரிஞ்சதெல்லாம் பின்கட்டு மட்டும்தான், நடுமுற்றத்தச் சுத்தி இருக்கற வளவுல கால் வச்சதே இல்ல. இந்தத் தடவ கார் முகப்புல நின்னதும் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாங்க. "இங்கயே விடும்மா"ன்னு நான் வாங்கி ஓரமா வச்சேன். உள்ள போனதும் மொத வேலையா சுவத்துல புறங்கைய வச்சுத் தேச்சுப் பாத்தாங்க. சுண்ணாம்போட முட்டை வெள்ளக்கரு சேத்துப் பூசின சுவரு, இன்னும் வழுவழுன்னு சில்லுன்னு இருக்கு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தேக்குத் தூண்ல சாஞ்சு உக்காந்து அம்மாச்சியப் பத்திப் பேசுனாங்க. இதுக்குக் குடுத்த காசு வீண் இல்ல.

சுடுதண்ணி லேட்டா வந்துச்சு, காபி சுமாருதான், ஒத்துக்கறேன். ஆனா "எல்லாம் செட்டப்பு, டைல்ஸுக்குக் காசு"ன்னு சொல்றவங்க அந்த டைல்ஸ் செய்யற ஆத்தங்குடிக்கு ஒருதடவ போய்ப் பாருங்க, கண்ணாடி மேல கலர் கலவைய ஒருத்தர் கையாலயே ஊத்தி ஒவ்வொரு கல்லா செய்யறத. நாங்க தங்குன மாதிரி எத்தன பழைய வீட்ட இடிச்சு, தூணு வேற கதவு வேறன்னு பிரிச்சு வித்து, காரைக்குடி பழைய சாமான் கடைங்கள்ல அடுக்கி வச்சிருக்காங்க தெரியுமா? ஓடு மாத்தவும் மரத்துக்கு எண்ண போடவும் தங்கறவங்க குடுக்கற காசுதான் ஆகுது. அதுக்காகவும் வீண் இல்ல.

"வேல பாத்த வீட்டுலயே காசு குடுத்துப் படுக்கறதுல என்ன பெருமை"ன்னு கேட்டவருக்கு பதில் சொல்லவே புடிக்கல. பெருமைன்னு நான் எங்க எழுதுனேன்?

"அந்தக் காசுல அம்மாவுக்கு ஃபுல் செக்கப் பண்ணிருக்கலாம்"னு போட்டது வெளியாள் இல்ல. அதான் தாங்கல. மாசாமாசம் சுகர் பாக்கக் கூட்டிட்டுப் போறது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?

காலைல அம்மா கமெண்ட் எல்லாத்தையும் படிச்சிட்டாங்க. முந்தாநாள் வரைக்கும் தெருவுல பாக்கறவங்ககிட்டல்லாம் அந்தச் சுவத்தப் பத்தியே பேசிட்டு இருந்தவங்க, "நான் வரலன்னு சொல்லிருக்கணும்ப்பா, ஒனக்கு வெட்டிச் செலவு"ங்கறாங்க. அந்த ஒரு கமெண்ட்ட மட்டுமாவது எடுத்துடுங்க மாமா.