என் இலையில் எது வேண்டும் என்று நான்தான் சொல்வேன்

முந்தாநாள் தீபாவளிச் சாப்பாடு பற்றி நான் போட்ட நாலு வரியைப் படித்தவர்களுக்கு நடந்தது தெரியும். அந்த வீடியோ எங்கள் குடும்ப குரூப்பைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டதால் உங்களில் சிலர் பார்த்தும் இருப்பீர்கள். "இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று நேற்றிலிருந்து இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆமாம், இதுக்குத்தான். பிறந்த வீட்டுத் தீபாவளிப் பந்தியில் என் அண்ணன், எனக்கு ஆகாத ரத்தப் பொரியலைப் பொடியாக நறுக்கிய ஈரலோடு கலந்து, "வெறும் ஈரல்தான் பாப்பா, சாப்பிடு" என்று இலையில் வைத்து, நான் மென்று விழுங்கும் வரை மொபைலைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம் மொத்தப் பந்தியும் சிரித்ததே, அதுக்குத்தான்.

நான் சைவம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே தடம் மாறிவிட்டார்கள். தீபாவளிக் காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லையென்றால் எனக்கு அது தீபாவளியே இல்லை. கோழி சாப்பிடுவேன், மீன் சாப்பிடுவேன், ஆட்டுக்கால் பாயாவுக்கு வரிசையில் நிற்பேன். ரத்தமும் குடலும் மட்டும் எனக்கு ஆகாது. சமைக்காதே என்று யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து இலையில் இருந்தால் மூக்கைப் பொத்துவதும் இல்லை. என் இலையில் வைக்காதீர்கள் என்பதைத் தவிர நான் எதையும் கேட்டதே இல்லை.

ஏன் ஆகாது என்று கேட்பவர்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அங்கே தீபாவளிக்குக் கடைக்குப் போய்க் கறி வாங்குவதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம். தெருவில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து பணம் போட்டுக் கிடா பிடித்து, விடிவதற்கு முன்னால் அறுத்து, பனையோலையில் கூறு போடுவார்கள். எலும்பு, தொடை, நெஞ்சுக்கறி, ஈரல் எல்லாம் ஒவ்வொரு கூறிலும் சரிசமமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வந்துவிடும். அறுக்கும்போது ரத்தம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை, அதனால் அலுமினியக் குண்டானை என் கையில் கொடுத்துவிடுவார்கள். அடியில் ஒரு கை கல்லுப்பு. குண்டான் மெல்ல மெல்லச் சூடாவது உள்ளங்கையில் தெரியும். ஐப்பசி மாசத்து ஈரக் காற்றில் அதிலிருந்து லேசாக ஆவி வரும். கையை எடுக்கவும் முடியாது, முகத்தைத் திருப்பினால் "சிந்திராதடி" என்று அதட்டல். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே கெட்டியாகிவிடும், குண்டானைச் சாய்த்தாலும் அசையாது. அந்தச் சூடு இன்னமும் என் கையில் இருக்கிறது. எண்ணெயில் வெங்காயம், தேங்காய்ப் பூவோடு அது வதங்கும் வாசம் வந்தாலே எனக்குக் குமட்டும். இது நானாகத் தேடிப் பிடித்த கொள்கை இல்லை. உடம்பு மறுக்கிறது. அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

இப்போது வழக்கமான கேள்விக்கு வருகிறேன். "உனக்கு மேல்சாதி ஆகணும்னு ஆசை வந்திருச்சா?" இதைக் கேட்டது வேறு யாரோ இல்லை, என் சொந்தச் சித்தப்பா மகன். இந்த நாட்டில் சாப்பாட்டை வைத்துத்தான் மனிதனைத் தரம் பிரிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றபோது இதே பக்கத்தில் எழுதினேன். அன்றைக்கு லைக் போட்டவர்கள்தான் இன்றைக்கு என்னைச் சந்தேகப்படுகிறார்கள். ரத்தம் சாப்பிடுகிறவர்கள் கீழானவர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு வரி காட்டுங்கள். எனக்கு வேண்டாம் என்பதும், நீ சாப்பிடுவது அசிங்கம் என்பதும் ஒன்றா?

இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2003-இல் கோயில்களில் கிடா வெட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தூங்கிக் கிடந்தது, அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அன்று எழுந்த கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். "எங்க சாமிக்கு என்ன படைக்கணும், நாங்க என்ன திங்கணும்னு சொல்ல இவங்க யாரு?" என்று பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து கத்தினார். நியாயமான கோபம். அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், எங்கள் வீடும் கொண்டாடியது. இப்போதும் திருவள்ளுவர் தினத்தன்று கறிக்கடையை மூடச் சொன்னால், மாட்டுப் பொங்கல் அன்றைக்கே கறி கிடைக்காதா என்று எங்கள் வீட்டில் அரசாங்கத்தைத் திட்டாதவர்கள் கிடையாது. அடுத்தவன் நம் சட்டிக்குள் கை விடக் கூடாது என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர்கள், என் இலைக்குள் மட்டும் கை விடலாம் என்று எப்படி நினைக்கிறீர்கள்? அரசாங்கம் செய்தால் அடாவடி, அண்ணன் செய்தால் பாசமா?

"பாசத்துலதான வச்சாங்க" என்கிறார்கள். பாசம் என்றால் என்ன இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கலாமே. பொய் சொல்லி ஏன் வைக்க வேண்டும்? கேமரா எதுக்கு?

"பொம்பளைப் பிள்ளைக்கு ரத்தம் ஊறும், நல்லதுக்குத்தான்" என்று அத்தை சொன்னதை மட்டும் கொஞ்சம் யோசித்தேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ரத்தத்திலும் ஈரலிலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலிலும் இரும்புச்சத்து நிறைய உண்டு. சரி. ஆனால் அந்த அக்கறை ஒரு தீபாவளிக்கு ஒரு பொரியலில் மட்டும்தான் வருமா?

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். எனக்கு நல்லி எலும்பு என்றால் உயிர். சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டு நான் அழுதது அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆம்பளைகள் முதல் பந்தி. நல்லியும் ஈரலும் நல்ல தொடைக்கறியும் அங்கேயே முடிந்துவிடும். எங்களுக்கு வரும்போது சட்டியில் எலும்பும் கொழுப்பும் சாறும்தான் மிஞ்சும். அம்மா அதிலும் கடைசி, பல தீபாவளிக்கு அவளுக்குக் குழம்பு மட்டும்தான். அப்போது யாருக்கும் பொம்பளைப் பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று தோன்றவில்லை. பிடித்ததைக் கேட்டபோது தரவில்லை, பிடிக்காததை ஏமாற்றித் திணிக்கிறீர்கள். இரண்டிலும் என்னைக் கேட்கவில்லை. அவ்வளவு பேரும் சிரித்ததைவிட, அம்மாவும் சேர்ந்து சிரித்தது எனக்கு ரொம்ப வலித்தது. அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் இதையெல்லாம் எழுதியிருக்கவே மாட்டேன்.

"குடும்பத்து விஷயத்தை ஏன் பொதுவில் எழுதுகிறாய்?" பொதுவுக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. நான் கொல்லைப்புறத்துக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்ததையும் எடுத்து, பின்னணியில் காமெடி வசனம் போட்டுச் சுற்றில் விட்டது யார்? அதைப் பார்த்து என் மகளின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கிறாள், "உங்க அம்மாவா அது?" என்று. என் மகளுக்குக் குடல் பிடிக்கும், மதினி வைத்த குடல் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளை. நான் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். அவள் இலை அவளுடையது. ஆனால் இன்றைக்குக் காலையில் அவள் என்னிடம் கேட்டாள், "அடுத்த தடவை எனக்கும் எதையாவது மறைச்சு வச்சிருவாங்களாம்மா?" என்று. இதற்கு என்ன பதில் சொல்லட்டும்? வேடிக்கை என்கிறவர்கள் வந்து அவளிடம் சொல்லுங்கள்.

தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். கறிநாள் அன்றைக்குப் பந்தியில் உட்காருவேன். யாருக்கோ பயந்து பிறந்த வீட்டுக்கு வராமல் இருக்கப்போவதில்லை. கறிக்குழம்பும் சுக்காவும் போதும். மதினி கையால் வைத்த சுக்காவுக்கு ஈடில்லை, அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவளுக்கே தெரியாமல்தான் கலந்திருக்கிறார்கள். ஆனால் இனி சட்டியிலிருந்து எனக்கு நானே போட்டுக்கொள்வேன். வேறு யாரும் எனக்குப் பரிமாற வேண்டாம், பெரியவர்கள் உட்பட. மரியாதைக் குறைவு என்று யாருக்காவது பட்டால் படட்டும்.

அப்புறம் அந்த வீடியோ. அண்ணனிடம் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், "பாக்கலாம் பாக்கலாம்" என்கிறார். குரூப்பில் கேட்டேன், சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டுப் போகிறார்கள். அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரிக்குள் அதை எடுத்துவிடுங்கள். அனுப்பியவர்களிடமும் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள், அவள் என்னிடம் சரியாகப் பேசி இரண்டு நாளாகிறது.