மணமான மகளுக்கும் பங்கு உண்டு
மகளிர் தின வாழ்த்துகளுக்கு நடுவே, '1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கே கிடையாது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பழைய நிலை. அந்தத் தேதி தமிழ்நாட்டின் 1989 திருத்தச் சட்டத்தில் இருந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்ட சொத்துரிமையை அறுபது ஆண்டுகள் கழித்துத் தந்த சட்டம் அது. ஆனால், முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது.

2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மத்திய அரசு திருத்தியபோது அந்த வேறுபாடு போய்விட்டது. மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உண்டு. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தாலோ விற்றிருந்தாலோ அதைக் கிளற முடியாது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அதை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்தாயிற்றே' என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. அந்தக் கையெழுத்தால் போய்விடும். போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள்.