எல்லாம் இறப்புச் சான்றிதழில் எழுதுவதில்தான் இருக்கிறது
இறப்புக்கான காரணங்களைப் பட்டியலிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் இதய நோய்தான் முதலிடம் என்று சொல்கிறது, சரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்கிலும் சுமார் 13 சதவீத இறப்புகள் இதய ரத்தக்குழாய் அடைப்பால்தான். ஆனால் இந்தப் பட்டியலே பெருமளவு இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதுவதை வைத்துத்தான் உருவாகிறது. 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதுவது காரணமே ஆகாது. எந்த மரணத்திலும் இதயம் நிற்கத்தான் செய்யும். நீண்டநாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, அதனாலேயே ஒருவர் இறந்தால், அடிப்படைக் காரணம் சர்க்கரை நோய் என்றுதான் பதிவாக வேண்டும். வெறும் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று முடித்துவிட்டால், தடுத்திருக்கக்கூடிய நோய் கணக்கிலேயே வராது. இது பெரிய அநியாயம். அப்புறம், வயது வாரியான அட்டவணையையும் தயவுசெய்து வெளியிடுங்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களை உலகம் முழுக்க அதிகம் கொல்வது சாலை விபத்து. மொத்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே வராது.